அமீனா வீட்டில் ஆமை

சாவியை எடுத்ததும் முத்தெங்கி முதலில் சட்டைப் பைக்குப் பொத்தான் போடுவார். போட்டதை விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். பூட்டைத் திறப்பது அதற்கப்புறம்தான். காக்கிச் சட்டையில் இரண்டு மார்புப் பை. வலது பையில் கோர்ட்டுச் சாவிகள், இடது பையில் மூக்குப்பொடி டப்பி. ஒரு சிட்டிகை பொடிக்குக்கூடப் பொத்தானைக் கழற்றி, டப்பியை எடுத்து, மறுபடி பொத்தானைப் போட்டு, தட்டிப் பார்த்து, பிறகுதான் உறிஞ்சுவார். தும்மல் வருவதற்குள் பை மூடியிருக்கும். "பொத்தான் போடாத பையும் கதவு சாத்தாத வீடும் ஒன்னு. உள்ள இருந்தது இருந்துச்சான்னு நாளைக்கு நாமளே சத்தியம் பண்ண முடியாது" என்பார்.

மவியானி கோர்ட்டில் அவர் அமீனா. சின்ன ஊர், சின்னக் கோர்ட்டு. ஆகவே சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவரே, ஜப்தி செய்வதும் அவரே, வழக்கில் சிக்கிய சாமான்களைக் காப்பதும் அவரே. அவர் காலடி கேட்டால் மனிதர் கதவைச் சாத்துவது உலக வழக்கம். மவியானியில் ஆடுகளும் எழுந்து போய்விடும். சந்தைத் தெருவில் அவர் நடந்தால் முன்னால் ஒரு மந்தை ஒதுங்கிக்கொண்டே போகும். ஜப்தியில் இழுத்து வந்த ஆடுகளின் வாரிசுகள் போலிருக்கிறது. அவர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆள் உயரம், நடை நிதானம், வாய் சிக்கனம்.

சாமான் அறையில் பல்லில்லாத ரம்பம், கைப்பிடி மட்டும் மிஞ்சிய வெட்டுக்கத்தி, யாருடையதென்று இரண்டு பேர் சண்டையிட்டு இரண்டு பேருமே செத்துப்போன சைக்கிள், கள்ளச்சாராயக் கேன்கள் எல்லாம் உண்டு. சாராயம் வருடத்துக்கு வருடம் கீழே இறங்கும். வேறு ஊர்க் கோர்ட்டுகளில் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டுவார்கள் என்று பேச்சு. முத்தெங்கி கூண்டில் ஏறி, இறங்கியதை இறங்கியது என்றே சொல்லுவார். "ஆவியாப் போச்சும்மா. நான் குடிச்சிருந்தா இப்படி நேரா நிக்க மாட்டேன்." ஒருமுறை ஒரு மூட்டை பச்சைப்பயறு வழக்கு முடிவதற்குள் வண்டு பிடித்துவிட்டது. பயறு குறைந்ததைச் சொன்னதோடு நிற்கவில்லை. வண்டு கூடியிருப்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மாஜிஸ்திரேட் நெக்கேசா அம்மாள் அன்று பேனாவை மூடிவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கிறத இருக்குன்னு சொல்லணும். இல்லாதத இல்லைன்னு சொல்லணும். இதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?" என்றார் முத்தெங்கி. அம்மாள் பேனாவைத் திறந்து வண்டையும் எழுதிக்கொண்டார்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி வைத்தார்கள். அமீனா வீட்டுக்குள்ளேயே ஆமை புகுந்தால் யார் உருப்படாமல் போவார்கள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. மவியானி கோர்ட்டுக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஊருக்கு மேற்கே பாறைக் குன்று. அதன் வெடிப்புகளில் வாழும் ஆமை தட்டை ஆமை. உலகத்து ஆமையெல்லாம் கவிழ்த்த சட்டி போலிருக்க, இது மட்டும் யாரோ தெரியாமல் மேலே உட்கார்ந்துவிட்டது போல நசுங்கியிருக்கும். ஓடு என்று பேர்தான், அழுத்தினால் அமுங்கும். பயந்தால் தலையை இழுத்துக்கொண்டு சும்மா கிடக்காது. ஓடும். ஆமை ஓடுமா என்று கேட்பவர்கள் மவியானிக்கு வந்ததில்லை. ஓடிப்போய்ப் பாறைச் சந்தில் நுழைந்து, நான்கு காலையும் உதைத்து இறுக்கிக்கொண்டால் யானை வந்து இழுத்தாலும் வராது.

இந்த நசுங்கலுக்கு வெளிநாட்டில் கிராக்கி. கண்ணாடித் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்களாம். பார்த்துப் பார்த்தே குன்று காலியாகிக்கொண்டு வந்தது. அழிந்துபோகிற உயிர்களை வாங்கக்கூடாது விற்கக்கூடாது என்று உலகத்து நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டபோது, இந்த ஆமையையும் அதில் மிகக் கண்டிப்பான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பாறையிலிருந்து பிடித்ததென்றால் விற்கவே முடியாது. ஆனால் ஒரு சந்து விட்டு வைத்திருந்தார்கள். அனுமதி பெற்ற பண்ணையில், மனிதர் கையில் பிறந்தது என்று சீட்டு இருந்தால் அனுப்பலாம். சந்து இருந்தால் நுழைவது ஆமை மட்டுமா?

நுழைந்தவர் கித்தோமே. கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். குண்டு முகம், எதற்கும் சிரிப்பு. சூடு ஆறாமல் காக்கும் பெரிய சப்பாத்தி டப்பாவில் கீழே சப்பாத்தி, நடுவில் ஆமைகள், மேலே சப்பாத்தி என்று அடுக்கி, "பண்ணையில் பிறந்தவை" என்று ஒரு போலிச் சீட்டையும் மடித்து வைத்துக்கொண்டு தலைநகரம் போகும் பஸ்ஸில் ஏறினார். பக்கத்து இருக்கையில் வனக்காவலர் ஒருவர் உட்கார்ந்தார். அந்த ஊர் மரியாதைப்படி மடியில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் இருக்கக்கூடாது. கித்தோமேயும் பழக்க தோஷத்தில், "சாப்பிடுறீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்வது அதைவிட மரியாதைக்கேடு. காவலர் டப்பாவைத் திறந்து மேல் சப்பாத்தியை எடுத்தார். அடுத்த சப்பாத்தி அவரைப் பார்த்தது.

மற்ற ஆமைகளை அன்றைக்கே குன்றில் விட்டுவிட்டார்கள். ஒன்றை மட்டும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டார்கள். முதல் நம்பர் சாட்சிப் பொருள் டப்பா. இரண்டாம் நம்பர் சப்பாத்திகள். மூன்றாம் நம்பர் ஆமை. மூன்றும் முத்தெங்கி கைக்கு வந்தன.

அவர் ஆமைக்குப் பேர் வைக்கவில்லை. "பேரு வச்சா நம்மது ஆயிடும். கோர்ட்டுச் சொத்துக்கு நம்பர் போதும்" என்றார். மூணாம் நம்பர் என்றே அழைப்பார், காலையில் வெயில் காட்டக் கூடத்துக்கு எடுத்து வரும்போதும் சரி, வாசலில் டீக்கடை வைத்திருக்கும் கவத்தாவிடம் கீரை கேட்கும்போதும் சரி. "மூணாம் நம்பருக்கு ஒரு கட்டு குடு தாயி. ஆஜராகிறவங்க தெம்பா இருக்கணும்." கவத்தா கீரையைக் கொடுத்துவிட்டு, "எம்புருசன் ஜெயில்ல இருந்தப்ப ஒருத்தனும் ஒரு கட்டு கீரை குடுக்கல" என்பாள். "அவன் ஒன்னும் அழிஞ்சுபோற இனம் இல்லையே" என்பார் முத்தெங்கி, முகத்தை அசைக்காமல்.

சப்பாத்திகள்தான் முதலில் வம்பு செய்தன. சாட்சிப் பொருளைத் தூக்கிப் போட முடியாது. முத்தெங்கி வெயிலில் காயவைத்துப் பத்திரப்படுத்தினார். அவை காய்ந்து, பழுப்பேறி, ஓரம் வளைந்து, கட்டையாகிப் போயின. அடுத்த வாய்தாவில் அரசு வக்கீல் ஒமொல்லோ, இளம் வயது, குரல் கனம், "அழிவின் விளிம்பில் நிற்கும் இந்த அப்பாவி உயிரைப் பாருங்கள்" என்று கையை உயர்த்தினார். உயர்த்தியது சப்பாத்தி. கோர்ட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முத்தெங்கிதான் எழுந்து, "ஐயா, அது ரெண்டாம் நம்பர். மூணாம் நம்பர் இறங்கிப் போயிடுச்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

போனது மாஜிஸ்திரேட் மேடைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துக்குள். காலை உதைத்து இறுக்கிக்கொண்டது. கோர்ட்டின் முன் வைத்த பொருள் கோர்ட்டுக்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் காட்ட முடியவில்லை. அம்மாள் எழுந்து போகலாமா கூடாதா என்று இரண்டு வக்கீல்களும் சட்டம் பேசினார்கள். கடைசியில் தச்சனைக் கூப்பிட்டு மேடையின் பலகையைப் பெயர்த்தார்கள். அந்தப் பலகை இன்றுவரை திரும்பப் போடப்படவில்லை. அம்மாள் நாற்காலிக்குப் போகும்போது இடது காலை மட்டும் கொஞ்சம் தூக்கி வைப்பார்.

இதெல்லாம் சில்லறை. முட்டைதான் பெரிய வினை.

ஒரு வாய்தாவில் டப்பாவைத் திறந்தால் ஆமைக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு முட்டை. முத்தெங்கிக்கே அது புதுசு. வேறொருவர் என்றால் மூடியை மூடியிருப்பார். அவர் தொண்டையைச் செருமி, "மூணாம் நம்பரோட இன்னொன்னும் ஆஜராகியிருக்குதும்மா" என்றார். ஒமொல்லோ அதைப் புதுச் சாட்சிப் பொருளாகச் சேர்க்க வேண்டும் என்றார். கித்தோமேயின் வக்கீல் துள்ளி எழுந்தார். என் கட்சிக்காரர் சீட்டில் மனிதர் கையில் பிறந்தது என்று எழுதியதைப் பொய் என்றீர்களே, இதோ கோர்ட்டின் கையிலேயே பிறக்கப் போகிறதே, பிறக்கும் என்பதற்குக் கோர்ட்டே சாட்சி என்று வாதம். உடனே ஒமொல்லோ, அப்படியானால் அனுமதியில்லாமல் ஆமை வளர்ப்பதும் பெருக்குவதும் குற்றம், அந்தக் குற்றம் இங்கே நடந்திருக்கிறது என்றார். சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. அம்மாள் கூரையைப் பார்த்தார். குற்றவாளி மேடையில் உட்கார்ந்திருக்கிறாரா, டப்பா பக்கத்தில் நிற்கிறாரா என்று முடிவாகாமல் வழக்கு தள்ளிப்போயிற்று.

கருத்துக் கேட்டு வனத்துறைக்கு எழுதினார்கள். வனத்துறை தலைநகருக்கு எழுதியது. தலைநகரம் கடல் கடந்து ஒப்பந்தத்துக்காரர்களுக்கு எழுதியது. மழை வந்து போய், இன்னொரு மழையும் வரத் தவறிய பிறகு பதில் வந்தது. பதில் அல்ல, கேள்விகள். பண்ணையின் பெயர் என்ன, பண்ணை உரிமையாளர் யார், பெண் ஆமை எங்கே பிடிக்கப்பட்டது, ஆண் ஆமை யார். அம்மாள் கடைசிக் கேள்வியைச் சத்தமாகப் படித்தபோது கோர்ட்டு மொத்தமும் முத்தெங்கியைத் திரும்பிப் பார்த்தது.

"நான் இல்லம்மா" என்றார் அவர்.

அது குறிப்பிலும் ஏறிவிட்டது. வெளியே வந்ததும் கவத்தா டீயை நீட்டிக்கொண்டே, "அந்த ரூம்ல ஆம்பளன்னு இருந்தது நீ ஒருத்தன்தானேண்ணே. கடல் தாண்டிக் கேக்குறாங்க, ஒத்துக்கக் கூடாதா?" என்றாள். ஆமை பிடிபடுவதற்கு முன்பே குன்றில் ஜோடி சேர்ந்திருக்கும், ஒருமுறை சேர்ந்தால் சில வருடங்களுக்கு முட்டை வைக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பல நாள் சந்தையில் பெண்கள் அவரைப் பார்த்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு முந்திக்குள் சிரித்தார்கள்.

முட்டை குஞ்சு பொரிக்கவில்லை. சாமான் அறையில் அழுகி, தலைமுறை தலைமுறையாக நடந்த ஒரு நில எல்லைத் தகராறு விசாரணைக்கு வந்த அன்று வெடித்தது. நாற்றம் தாங்காமல் இரண்டு கட்சியும் வாசலிலேயே சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். முத்தெங்கி அன்று மாலை கூண்டில் நின்று முறைப்படி சொன்னார்: "முட்டை உடைஞ்சிடுச்சும்மா. வாசம் மட்டும் பாக்கி இருக்கு."

அதற்குப் பிறகு நெக்கேசா அம்மாளுக்கு ஒரு வழக்கம் வந்தது. கித்தோமே வழக்கை எடுக்கும்போதெல்லாம் முதலில், "முத்தெங்கி, எத்தனை?" என்பார். "ஒன்னுதாம்மா" என்பார் அவர். அப்புறம்தான் அம்மாள் மூச்சு விடுவார்.

முத்தெங்கிக்கு அந்த ஒன்றே பாரமாக இருந்தது. ஜப்தி செய்த ஆடுகள் ஒரு வாரம் கத்தும், பிறகு கட்டின இடத்தில் அசை போட ஆரம்பித்துவிடும். மூணாம் நம்பர் பழகவில்லை. கூடத்தில் எங்கே விட்டாலும் மேற்குச் சுவருக்கே போகும். சுவரில் நகத்தால் பிறாண்டும். சுவருக்கு அப்பால் குன்று. அவர் தூக்கித் திருப்பி வைப்பார். அது அரை வட்டம் அடித்து மறுபடி மேற்கே போகும். வருடக்கணக்காக இதுதான். "நானும் எத்தனையோ பேரு கதவத் தட்டியிருக்கேன். தொறக்கலன்னா அடுத்த நாள் வருவேன். இது ஒரே கதவத் தட்டிக்கிட்டே இருக்குது" என்றார் கவத்தாவிடம். பொடியை எடுக்கப் பையில் கை வைத்தவர் எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தது அன்று ஒரு நாள்தான்.

வழக்கு முடிந்தால் அதைக் குன்றில் விடலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், வருகிறவன் திருப்பி வைப்பானோ, உதைத்துத் தள்ளுவானோ.

முடிவுக்குக் கொண்டுவந்தவர் கித்தோமே. வாய்தாவுக்கு வந்து வந்து அவருக்கும் முத்தெங்கிக்கும் நடுவில் ஒரே பெஞ்சில் டீ குடிக்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது. வரும்போதெல்லாம் ஆமை சுகமா என்றுதான் முதலில் கேட்பார். கடையில் அந்த மாதிரி டப்பாவை ஒருவரும் வாங்குவதில்லை. எடுத்துத் திறந்து, உள்ளே பார்த்து, சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். போதும், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுகிறேன் என்று தீர்மானித்தார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நாள் குறித்தார்கள்.

அந்த நாள் காலை முத்தெங்கி ஆமையைக் கடைசி வெயிலுக்குக் கொண்டுவந்தார். கூடத்தின் ஓரத்தில் தீயணைக்க வைத்த சிவப்பு வாளி. உள்ளே மணல். சில மாதங்களுக்கு முன்புவரை அந்த மணல் வாளியில் இல்லை. சாமான் அறையின் மூலையில் மூணாம் நம்பருக்கு மெத்தையாகக் கிடந்தது. மேல்கோர்ட்டிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள், வாளி காலியாக இருக்கக்கூடாது என்று செய்தி வந்ததும் அவசரமாக வாரி வாளியில் கொட்டிவிட்டார். வந்தவர்கள் வாளியைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். அன்று முதல் வாளி மேற்குச் சுவரோரம் வெயிலில்தான் நின்றது.

இப்போது வாளிக்குள் பிறாண்டும் சத்தம். எலி என்று நினைத்து எட்டிப் பார்த்தார். மணல் அசைந்தது. சோடா மூடியைவிடச் சற்றே பெரிதாக ஒன்று, மஞ்சள் கோடு போட்ட முதுகோடு, வாளியின் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கத் தகரத்தை.

மெத்தை மணலோடு மூணாம் நம்பர் புதைத்திருந்த இன்னொரு முட்டையையும் சேர்த்தல்லவா வாரிக் கொட்டியிருந்தார். சீட்டோ பண்ணையோ இல்லாமல், மனிதர் கையில் பிறந்தது என்று சத்தியமாகச் சொல்லக்கூடிய ஒரே தட்டை ஆமை மவியானி கோர்ட்டின் தீயணைப்பு வாளியில் பிறந்திருந்தது.

"என்னண்ணே, வாளிக்குள்ள எதைத் தேடுறீங்க?" என்று கித்தோமே பின்னால் வந்து நின்றார். நல்ல சட்டை போட்டு, அபராதம் கட்டப் போகிறவருக்குரிய முகத்தோடு வந்திருந்தார். குனிந்து பார்த்தார். குண்டு முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மெல்லக் கேட்டார்.

"இது பொறந்தது எங்கண்ணே?"

"இங்கதான்."

"அப்ப மனுசங்க கையில பொறந்ததுதானே? எஞ்சீட்டுல எழுதினது நடக்காத விசயம் இல்லன்னு ஆயிடுச்சே."

"ஆயிடுச்சு. போய்ச் சொல்லு. உன் வக்கீல் உன்னத் தோள்ல தூக்கிப்பான்." முத்தெங்கி வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் தலைநகரத்துக்கு எழுதுவாங்க. அவங்க கடல் தாண்டி எழுதுவாங்க. இதோட அப்பன் யாருன்னு கேட்டு வரும். நான் மறுபடி கூண்டுல ஏறி நான் இல்லம்பேன். தாயி உள்ள, பிள்ளையும் உள்ள. நீ வந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கலாம்."

"எத்தன வருசம்?"

"இதுங்க நம்மள விட அதிக நாளு இருக்கும்டா."

கித்தோமே மூணாம் நம்பரைப் பார்த்தார். அது மேற்குச் சுவரில் பிறாண்டிக்கொண்டிருந்தது. வாளிக்குள் சின்னது பிறாண்டியது. உள்ளேயும் வெளியேயும் ஒரே சத்தம்.

"மறைச்சா உங்களுக்கு என்னாகும்ணே?"

"சீட்டு இல்லாம ஆமை வச்சிருந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாததா?"

கித்தோமே நிமிர்ந்து, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார்.

கவத்தா டீயைக் கொண்டுவந்தபோது முத்தெங்கி இடது பையைத் திருப்பி வெளியே இழுத்து உதறிக்கொண்டிருந்தார். பொடித்தூள் பறந்து அவளுக்குத் தும்மல் வந்தது. ஈரத்துணியால் பையின் உள்பக்கத்தைத் துடைத்தார், வெயிலில் காட்டினார், மறுபடி துடைத்தார். பொடி டப்பியை வலது பையில் சாவிகளோடு போட்டார். "பொடிய விட்டுட்டியாண்ணே?" என்று கேட்டாள். "எடம் மாத்தினேன்" என்றார். அவ்வளவு காலத்தில் அந்த டப்பி வலது பக்கம் போனது அன்றுதான். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் கேட்காமலே ஒரு கட்டு கீரையை வைத்துவிட்டுப் போனாள்.

கோர்ட்டு கூடியபோது முத்தெங்கி வழக்கம்போல டப்பாவை மேசைமேல் வைத்து, பக்கத்தில் விறைப்பாக நின்றார். இரண்டு பையும் பொத்தான் போட்டிருந்தன. கித்தோமே கூண்டில் ஏறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆசையில் செய்துவிட்டேன், சீட்டு பொய்ச்சீட்டு, குன்றிலிருந்து பிடித்ததுதான் என்றார். வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாள் அபராதத்தைச் சொன்னார். சப்பாத்திகளை அழித்துவிடலாம் என்றும், அடுத்த பக்கத்தைத் திருப்பி, ஆமையை இன்று மாலைக்குள் பிடித்த இடத்திலேயே அமீனா கொண்டுபோய் விட வேண்டும் என்றும் படித்தார். பேனாவை எடுத்தார்.

ஒமொல்லோ எழுந்தார். சென்ற முறை பட்ட பாட்டைக் கருதி, கையெழுத்துக்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார். முட்டையோ குஞ்சோ ஏதேனும் இருந்தால் இந்த உத்தரவு செல்லாது, எல்லாவற்றையும் நிறுத்திவைத்துத் தலைநகரத்தின் கருத்தை வாங்க வேண்டும், வைத்திருந்தவர் மேல் தனி வழக்கும் போட வேண்டும். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். அம்மாள் பேனாவை நிறுத்திக்கொண்டார்.

முத்தெங்கியின் இடது பைத்துணி ஒரு தரம் அசைந்து அடங்கியது. நெஞ்சுக்கு நேராகச் சின்ன நகம் துணியைப் பிறாண்டியது அவருக்கு மட்டும் கேட்டது. வண்டு கூடியதையும் எழுதச் சொன்னவர் அவர். வாசம் பாக்கி இருப்பதைச் சொன்னவர் அவர். எதிரே கூண்டில் கித்தோமே கூரையில் பல்லியைத் தேடுகிறவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்தெங்கி," என்றார் அம்மாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பொறுப்புல எத்தனை ஆமை இருக்கு?"

டப்பாவுக்குள் மூணாம் நம்பர் மேற்குப் பக்கத்தை இடித்தது.

"ஒன்னுதாம்மா."

அம்மாளின் பார்வை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வந்து அவர் சட்டையில் தங்கியது. பிறகு மேடையில் பலகை இல்லாத இடத்துக்குப் போனது. பிறகு தாளுக்குத் திரும்பியது. பேனா ஓடும் சத்தம் கேட்டது.

முத்தெங்கி டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். படியிறங்கும் முன் அவர் கை வழக்கம்போல இடது பைக்குப் போயிற்று. தட்டிப் பார்க்கவில்லை. காற்று போகட்டும் என்று பொத்தானைக் கழற்றிவிட்டார்.